ஆத்தாவுக்கு 67 வயது. அதற்காகச் சரவாங்கியை அப்படியே விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. தேவகோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். 34 வயதில் எனக்குச் சரவாங்கி (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டுவாதம்) என்று கண்டுபிடித்தார்கள். அதை அடக்கி வைக்க வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறேன். வீக்கம் அவ்வளவாக இல்லை, வீட்டு வேலை எல்லாம் செய்கிறேன். போன வருடம் என் ஆத்தாவுக்கு (வயது 67) திடீரென்று இரண்டு கையும் வீங்கி, தோளைத் தூக்க முடியாமல் போய்விட்டது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபித் தம்ளரைப் பிடிக்க வருகிறது. நன்றாகக் கொட்டான் (ஓலைக் கூடை) பின்னுவார், அதை விட்டே விட்டார். முதலில் வயசான தேய்மானம் என்றார்கள். எட்டு மாதம் வலி மாத்திரை, இடையிடையே ஊசி என்று ஓடியது. இப்போது ரத்தப் பரிசோதனையில், சரவாங்கிக்காகப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. இரண்டும் பாசிட்டிவ். எனக்கு ஏழு வருடத்தில் வராத சேதம் ஆத்தாவின் எக்ஸ்ரேயில் ஒரே வருடத்தில் தெரிகிறது. பார்த்த டாக்டர், "இந்த வயசில் பெரிய மருந்தெல்லாம் தாங்காது, வலி மாத்திரையும் கொஞ்சம் ஸ்டீராய்டும் போதும்" என்கிறார். ஆத்தாவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. வயதானால் மூட்டு வேகமாக அரித்துவிடுமா? நான் சாப்பிடும் மாத்திரையையே அவருக்கும் கொடுக்கலாமா? எனக்கு 15 வயதில் ஒரு மகள் இருக்கிறாள், அவளுக்கும் வருமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டாவது கேள்விதான் அவசரம் என்பதால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாத்திரையை ஆத்தாவுக்குக் கொடுக்காதீர்கள். மெத்தோட்ரெக்சேட் அவருக்குத் தேவைப்படலாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் தேவைப்படும் என்றே நினைக்கிறேன். ஆனால் உங்கள் அளவு அவருக்குப் பொருந்தாது. இந்த மருந்து உடம்பைவிட்டு வெளியேறுவது பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள 67 வயதுக்காரருக்குச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்காமல் இதைத் தொடக்கூடாது. இதில் ஒரு ஏமாற்று வேலையும் நடக்கும். ஒல்லியான வயதான பெண்களுக்குத் தசை குறைவு, அதனால் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவு) அளவு பரிசோதனைத் தாளில் சரியாக இருப்பது போலத் தெரியும். வயதையும் சேர்த்து, சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் காட்டும் இ-ஜி.எஃப்.ஆர். கணக்குப் போட்டால் சிறுநீரகம் பாதி அளவுக்குத்தான் வேலை செய்கிறது என்றுகூட வரலாம். ரத்த அணுக்கள், ஈரல், சிறுநீரகம், மார்பு எக்ஸ்ரே இவ்வளவும் பார்த்த பிறகு, குறைந்த அளவில் ஆரம்பித்து மெதுவாக ஏற்ற வேண்டிய மருந்து இது.

இனி முதல் கேள்வி. வயதானால் மூட்டு வேகமாக அரிக்குமா?

சரவாங்கி என்று நாம் சொல்லும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸில் எலும்பை அரிப்பது அழற்சி. மூட்டின் உள்பக்கம் மெல்லியதாக ஒரு சவ்வு இருக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தடம் மாறி அந்தச் சவ்வைத் தாக்குகிறது. சவ்வு தடித்து, வீங்கி, குருத்தெலும்பின் மேல் படர்ந்து, எலும்பின் ஓரத்தைத் தின்னத் தொடங்குகிறது. 25 வயதிலும் இதுதான், 75 வயதிலும் இதுதான். பழைய வீட்டு உத்தரத்தைக் கரையான் அரித்தால் வீட்டின் வயதைக் குறை சொல்லிவிட்டுக் கரையானை விட்டுவிடுவோமா? "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

அதற்காக வயதுக்கும் சேதத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். நீங்கள் கண்ணால் பார்த்தது உண்மை. 60 வயதைத் தாண்டி இந்த நோய் வருகிறவர்களின் முதல் எக்ஸ்ரேயிலேயே, இளம் வயதில் வருகிறவர்களைவிடச் சேதம் கூடுதலாகத் தெரிகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்குப் பிறகு சேதம் ஓடுகிற வேகம் வயதானவர்களுக்கு அதிகமா என்று கேட்டால் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. வயதானவர்களின் படத்தில் சேதம் கூடுதலாகத் தெரிவதற்கு நான் சொல்லும் காரணங்கள் சில இருக்கின்றன.

முதல் காரணம், அந்த எக்ஸ்ரேயில் இருப்பது எல்லாமே சரவாங்கி செய்த சேதமாக இருக்காது. எக்ஸ்ரேயைப் பார்க்கும்போது நாங்கள் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகக் கவனிப்போம். ஒன்று எலும்பின் ஓரத்தில் விழும் அரிப்பு. இன்னொன்று, இரண்டு எலும்புக்கு நடுவே உள்ள இடைவெளி குறைவது, அதாவது குருத்தெலும்பு மெலிந்துபோவது. ஆராய்ச்சியாளர்கள் இதற்கு மதிப்பெண்ணே வைத்திருக்கிறார்கள்: இரண்டு கையும் இரண்டு பாதமும் சேர்த்து அரிப்புக்கு 280, இடைவெளிக்கு 168, மொத்தம் 448. இதில் அரிப்பு பெரும்பாலும் சரவாங்கியின் வேலை. இடைவெளி குறைவது அப்படி இல்லை. நோயே இல்லாதவர்களுக்கும் வயதானால் குருத்தெலும்பு மெலியும். 67 வருடம் உழைத்த கை அது. மாவு ஆட்டியது, கிணற்றில் தண்ணீர் இறைத்தது, அவ்வளவு பெரிய வளவைப் பெருக்கி மெழுகியது எல்லாம் அந்த விரல்களில் கொஞ்சம் பதிந்திருக்கும். எந்த நோவும் இல்லாத ஆட்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தவர்களும் வயது கூடக்கூட மூட்டில் சின்னச் சின்ன மாற்றங்கள் கூடுவதைப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே ஆத்தாவின் படத்தில் பழைய கணக்கும் புதுக் கணக்கும் சேர்ந்து கிடக்கின்றன. உங்கள் படத்தில் புதுக் கணக்கு மட்டும்தான், அதையும் மருந்து அடக்கி வைத்திருக்கிறது.

எது எது என்று பிரித்துப் பார்க்க நீங்களே ஓரளவு முயலலாம். விரல் நுனிக்கு அடுத்த கடைசி மூட்டில், நகத்துக்குக் கீழே, கல் மாதிரி கெட்டியாகப் புடைத்திருந்தால் அது பெரும்பாலும் தேய்மானம். கட்டைவிரல் அடிமூட்டும் அப்படித்தான். விரல்கள் உள்ளங்கையோடு சேரும் முட்டி மூட்டுகள், நடு மூட்டுகள், மணிக்கட்டு ஆகியவை இரண்டு கையிலும் ஒரே மாதிரி மெத்தென்று வீங்கி, தொட்டால் சூடாக இருந்தால் அது சரவாங்கி. தேய்மானத்தில் காலை விறைப்பு அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். ஒரு மணி நேரம் நீடித்தால் அழற்சியைத்தான் சந்தேகிக்க வேண்டும். இரண்டும் ஒரே கையில் இருப்பதும் சாதாரணம். அதனால்தான் வயதானவர்களிடம் இந்த நோய் தப்பிவிடுகிறது. முழங்கால் தேய்ந்த ஒருவர் கை வலிக்கிறது என்றால், அதையும் தேய்மானக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

இரண்டாவது காரணத்துக்கு வந்துவிட்டோம்: தாமதம். என் கணக்கில் பெரிய பங்கு இதற்குத்தான். சரவாங்கியில் முதல் மூன்றிலிருந்து ஆறு மாதம் மிக முக்கியமான காலம். அதற்குள் சரியான மருந்தைத் தொடங்கியவர்களுக்கு நோய் அடங்கும் வாய்ப்பு நன்றாகக் கூடுகிறது. சரியாகக் கவனிக்காமல் விட்டால் முதல் இரண்டு வருடத்துக்குள்ளேயே பெரும்பாலானவர்களின் எக்ஸ்ரேயில் அரிப்பு தெரிந்துவிடும். உங்கள் ஆத்தாவுக்கு அந்த எட்டு மாதம் வலி மாத்திரையில் போய்விட்டது. வலி மாத்திரை நோவைக் குறைக்கும், எலும்பு அரிப்பதைத் தடுக்காது. வலி குறைந்ததால் எல்லோரும் நிம்மதியாக இருந்த அந்த நாட்களிலும் சவ்வு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கும். உங்களுக்கு 34 வயதில் கை வீங்கியபோது யாரும் வயசு என்று சொல்லியிருக்க மாட்டார்கள், இல்லையா?

மூன்றாவது, வயதான பிறகு வரும் சரவாங்கிக்குக் கொஞ்சம் வேறு முகம் இருக்கிறது. இளம் வயதில் சின்ன விரல்களில் மெதுவாகத் தொடங்கும். 60-க்கு மேல் பலருக்குத் திடீரென்று, காய்ச்சல் அடித்தது போன்ற உடல் அசதியோடு, தோள் மூட்டில் தொடங்குகிறது. இளம் வயதில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வரும். வயதான பிறகு அந்த வித்தியாசம் குறைந்துவிடுகிறது. ஆரம்பத்திலேயே ரத்தப் பரிசோதனையில் அழற்சியின் அளவைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் உயர்ந்திருக்கும். அழற்சி எவ்வளவோ அரிப்பும் அவ்வளவு. அதோடு ஆன்டி சி.சி.பி. பாசிட்டிவாக இருப்பவர்களுக்கு எந்த வயதிலும் அரிக்கும் வாய்ப்பு கூடுதல்.

ரத்தப் பரிசோதனைகளை வயதானவர்களுக்குக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஆர்.ஏ. ஃபேக்டர் நோயே இல்லாத முதியவர்களுக்கும் லேசாகப் பாசிட்டிவ் வரும். அது மட்டும் வந்திருந்தால் 67 வயதில் சரவாங்கி என்று நான் தீர்மானிக்க மாட்டேன். ஆன்டி சி.சி.பி. அப்படி எளிதில் பொய் சொல்லாது. இ.எஸ்.ஆர். வயதோடு தானாகவே ஏறும். பெண்களுக்கு வயதோடு 10-ஐக் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவதை மேல் எல்லையாக வைப்பது ஒரு பழைய கணக்கு. ஆத்தாவுக்கு அது 38.5 வரும். ஆகவே 35 என்று வந்தால் பதற வேண்டாம், 90 என்று வந்தால் சும்மா இருக்கக் கூடாது. நம் பக்கத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு, சிக்குன்குன்யா. காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் அச்சு அசலாகச் சரவாங்கி போலவே கை கால் வீங்கி நிற்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஆத்தாவுக்கு ஆன்டி சி.சி.பி. பாசிட்டிவ், எக்ஸ்ரேயிலும் சேதம் என்பதால் அந்தச் சந்தேகம் குறைவு.

நான்காவது காரணம்தான் என்னை அதிகம் உறுத்துவது: வயதானவர்களுக்கு மருந்தைக் கைநடுங்கிக் கொடுப்பது. ஒரே அளவு நோய் இருந்தாலும் முதியவர்களுக்கு மெத்தோட்ரெக்சேட் போன்ற நோயைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் குறைவாகவும், ஸ்டீராய்டு அதிகமாகவும் எழுதப்படுகின்றன. இது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை, வெளிநாடுகளிலும் இதே கதைதான். பயத்தில் நியாயம் இருக்கிறது. சிறுநீரகம் மெலிந்திருக்கும், ஏற்கெனவே ஐந்தாறு மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும், கிருமித் தொற்று எளிதில் பிடிக்கும். ஆனால் பாதுகாப்பு என்று நினைத்துக் கொடுக்கும் இரண்டு மருந்துகளும் உண்மையில் பாதுகாப்பானவையா என்று யாரும் கேட்பதில்லை.

வலி மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் வயதானவர்களுக்கு வயிற்றில் புண்ணும் ரத்தக் கசிவும் உண்டாக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், இதயத்துக்குச் சுமை, சிறுநீரகத்தைக் கெடுக்கும். சர்க்கரையும் அழுத்தமும் உள்ள உங்கள் ஆத்தாவுக்கு மாதக்கணக்கில் இதைக் கொடுப்பதைவிட, முறையாகப் பரிசோதனை செய்து கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் எனக்குக் குறைந்த பயத்தைத் தருகிறது.

ஸ்டீராய்டு விஷயம் கொஞ்சம் சிக்கல். அது கெட்ட மருந்து என்று சொல்ல மாட்டேன். படுத்த படுக்கையாக இருப்பவரை ஒரு வாரத்தில் எழுப்பி உட்கார வைக்கும். 1948-இல் முதல் சரவாங்கி நோயாளிக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். 1950-இல் அதற்கு நோபல் பரிசே கிடைத்தது. எலும்பு அரிப்பையும் அது ஓரளவு தடுக்கிறது. 2022-இல் வெளிவந்த ஓர் ஐரோப்பிய ஆய்வில், 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மட்டும் தினமும் 5 மில்லிகிராம் ப்ரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டை இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். நோயின் வீரியமும் மூட்டுச் சேதமும் குறைந்தன. கூடவே பக்க விளைவுகளும், முக்கியமாகக் கிருமித் தொற்றுகள், கூடின. ஆக, மற்ற மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை சில மாதங்களுக்குக் குறைந்த அளவில் கொடுத்து, பிறகு மெல்லக் குறைத்து நிறுத்தப் பார்ப்பது சரி. அதை மட்டுமே வைத்து வருடக்கணக்கில் ஓட்டுவது சரியில்லை. ஆத்தாவுக்குச் சர்க்கரை ஏறும், கண்ணில் புரை வரும், எலும்பு மெலியும். மாதவிலக்கு நின்ற பெண், சரவாங்கி, மேலே ஸ்டீராய்டு என்றால் எலும்பு மெலிவதற்கு மூன்று வாசலும் திறந்தாகிவிட்டது. ஒரு தடவை டெக்ஸா ஸ்கேன் எடுத்து எலும்பின் அடர்த்தியைப் பார்த்துவிடுங்கள். கால்சியம், வைட்டமின் டி போதுமா, அதற்கு மேல் எலும்பைக் காக்கும் மருந்து வேண்டுமா என்பது அதில் தெரியும். இன்னொன்று, ஸ்டீராய்டை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.

பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் பொடி, "ஒரே வாரத்தில் வாதம் ஓடும்" என்கிற மாத்திரை இவற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரே வாரத்தில் அப்படி ஓடினால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். மலேசியாவில் இருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவரும் தைலத்தைத் தேய்த்துக்கொள்ளட்டும், அதில் பெரும்பாலும் கெடுதல் இல்லை. இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் ஆத்தாவுக்கு என்ன செய்யலாம்? கடிதத்தை வைத்து மருந்துச் சீட்டு எழுத முடியாது, வழியை மட்டும் சொல்கிறேன். வாத நோய்க்கென்றே படித்த சிறப்பு மருத்துவர் ஒருவரிடம் ஒரு தடவையாவது காட்டுங்கள். மதுரையோ திருச்சியோ, காரைக்குடியில் இருந்து இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். அவர் மெத்தோட்ரெக்சேட்டைத் தொடங்கலாம். சிறுநீரகம் இடம் கொடுக்காவிட்டால் ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபசலசின் போன்றவை இருக்கின்றன. ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்றால் தொடக்கத்திலேயே கண்ணைப் பரிசோதித்துவிட வேண்டும். இவை எல்லாம் போதாமல் போனால், அழற்சியைத் தூண்டும் பொருள்களைக் குறிவைத்துத் தடுக்கும் பயாலஜிக் ஊசிகள். அவற்றுக்கு முன் காசநோய் மறைந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். வயதும் சர்க்கரையும் சேர்ந்தவருக்கு இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. டோஃபாசிடினிப் என்ற மாத்திரை இப்போது மலிவாகக் கிடைப்பதால் பல இடங்களில் சட்டென்று எழுதிவிடுகிறார்கள். 50 வயதைத் தாண்டி, இதய நோய்க்கு வாய்ப்புள்ளவர்களிடம் அதைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், பழைய பயாலஜிக் ஊசி போட்டவர்களைவிட மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகளும் புற்றுநோயும் அதிகம் வந்தன. உங்கள் ஆத்தா அந்த வகையில்தான் வருகிறார். அது முதல் மருந்தாக எழுதப்பட்டால் ஏன் என்று கேளுங்கள்.

மெத்தோட்ரெக்சேட் என்று முடிவானால் வீட்டில் பெரிய எச்சரிக்கை ஒன்று தேவை. இது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மாத்திரை. தினமும் சாப்பிட்டுவிட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து வருகிறவர்களில் வயதானவர்கள்தான் அதிகம், உயிருக்கே ஆபத்து. உங்களுக்கு இது தெரியும், ஆத்தாவின் மாத்திரை டப்பாவுக்குத் தெரியாது. எந்தக் கிழமை என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். சந்தை நாளைப் போல அவருக்கு மறக்காத ஒரு கிழமையாகத் தேர்ந்தெடுங்கள். மாத்திரை உங்கள் கையில் இருக்கட்டும், அந்த நாளில் நீங்கள் எடுத்துக் கொடுங்கள். மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்த்து எழுதிக் கொடுக்கும் ஃபோலிக் ஆசிட் (ஒரு வைட்டமின்) மாத்திரையும் மஞ்சளாகத்தான் இருக்கும், சில மெத்தோட்ரெக்சேட்டும் மஞ்சள்தான். இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். சிறுநீர்த் தொற்று என்று எங்காவது காட்டினால் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கோ-ட்ரைமாக்சசோல் என்ற கிருமி மருந்தும் இதுவும் சேரக்கூடாது.

மருந்து தொடங்கிய பிறகு எதை வைத்து அளப்பது? வலியை மட்டும் கேட்டால் தப்பாகப் போகும். ஏற்கெனவே சேதமான மூட்டு, அழற்சி அடங்கிய பிறகும் வேலை செய்தால் வலிக்கும். அந்த வலிக்காக மருந்தை ஏற்றினால் பக்க விளைவுதான் மிச்சம். வீங்கிய மூட்டு எத்தனை, தொட்டால் வலிப்பது எத்தனை, ரத்தத்தில் அழற்சி எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கும் முறை ஒன்று உண்டு, 28 மூட்டுகளை எண்ணுவார்கள். அதில் பாதம் சேராது. ஆனால் அரிப்பு பல பேருக்கு முதலில் தெரிவதே பாதத்தில்தான், சுண்டுவிரல் அடிமூட்டில். அதனால் கைக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது இரண்டு பாதத்துக்கும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். இப்போது எடுத்த படத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஒரு வருடம் கழித்து மறுபடி எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் படத்தோடு ஆத்தாவின் படத்தை ஒப்பிடுவதைவிட, ஆத்தாவின் படத்தை ஆத்தாவின் படத்தோடு ஒப்பிடுவதில்தான் விஷயம் இருக்கிறது. விழுந்துவிட்ட அரிப்பு பெரும்பாலும் திரும்பி நிரம்பாது. புதிதாக விழாமல் நிறுத்துவது 67 வயதிலும் முடியும்.

வீட்டுக்குள் சில மாற்றங்கள். செட்டிநாட்டு வீட்டில் வயதான கைக்கும் காலுக்கும் எதிரிகள் அதிகம். ஒவ்வொரு கட்டுக்கும் ஓர் உயரமான நிலைப்படி. ஈரம் பட்டால் வழுக்கும் ஆத்தங்குடித் தரைக்கல். மணிக்கட்டைத் திருகி எடுக்கும் இரும்புச் சாவி. சாவி வளையத்தில் ஒரு கட்டைத் துண்டைச் செருகி, விரலால் திருகாமல் உள்ளங்கையால் தள்ளித் திறக்கப் பழக்குங்கள். நிலைப்படிக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு கைப்பிடி. வீட்டுக்குள் செருப்புப் போடுவது வழக்கம் இல்லை என்று தெரியும். இருந்தாலும் வீட்டுக்குள் மட்டும் போட மெத்தென்ற, வழுக்காத அடியுள்ள செருப்பு ஒரு ஜோடி வாங்குங்கள். எலும்பு மெலிந்தவர் ஒரு தடவை விழுந்து இடுப்பு முறிந்தால் சரவாங்கி செய்யாததை அந்த விழுதல் செய்துவிடும். தேன்குழல் பிழிவதை யாராவது இளையவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

கொட்டான் பின்னுவதை நிரந்தரமாக விட வேண்டியதில்லை. வீக்கம் இருக்கும்போது வேண்டாம். வீக்கம் வடிந்த பிறகு, ஓலையை நன்றாக ஊறவைத்து, சின்னக் கொட்டானாக, கொஞ்ச நேரம் பின்னிக் கொஞ்ச நேரம் விட்டுச் செய்யலாம். சரவாங்கி உள்ளவர்களுக்குக் கைக்கென்றே தனியாகப் பயிற்சி கொடுத்தால் கை நன்றாக வேலை செய்கிறது என்று 2015-இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு காட்டியது. விரலை மடக்கி நீட்டுவது, மென்மையான பந்தை அமுக்குவது போன்ற எளிய பயிற்சிகள்தான். ஒரு பிசியோதெரபிஸ்ட் முதலில் காட்டிக் கொடுத்தால் போதும். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கு வருகிறவர்களிடம் கேளுங்கள், அதில் பிசியோதெரபியும் உண்டு.

பத்தியம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் வீட்டில் யாராவது கத்தரிக்காயையும் உருளைக்கிழங்கையும் நிறுத்தியிருப்பார்கள். அவை மூட்டை அரிப்பதில்லை. வயதானவருக்குப் பத்தியம் என்று சொல்லிப் பருப்பு, முட்டை, மீனையும் குறைத்தால் இருக்கிற தசையும் கரைந்துவிடும், அதுதான் கெடுதல். இனிப்பான கும்மாயத்தை அளவாகச் சாப்பிடச் சொல்லுங்கள்; அது சர்க்கரைக்காக, சரவாங்கிக்காக இல்லை.

இப்போது உங்களைப் பற்றி. ஆத்தாவின் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு "எனக்குப் பரவாயில்லை" என்று நினைத்திருப்பீர்கள். இன்றைக்கு அது உண்மை. ஆனால் இந்த நோயோடு நீங்கள் ஓட்ட வேண்டிய வருடங்கள் ஆத்தாவைவிட மிக அதிகம், சேதம் வருடா வருடம் கூடிக்கொண்டு போகும் சங்கதி. லேசான வீக்கம்தானே என்று 20 வருடம் விட்டாலும் கை கோணிவிடும். வீக்கம் இல்லை என்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். குறைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். கருத்தரிக்கும் வாய்ப்பு இருக்கும்வரை, மெத்தோட்ரெக்சேட் கருவுக்கு ஆகாது என்பதையும் மனதில் வையுங்கள். உங்கள் இருவருக்குமே பொதுவானது, சரவாங்கி உள்ளவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். ஆத்தாவின் சர்க்கரையையும் அழுத்தத்தையும் இன்னும் கறாராகப் பார்க்க வேண்டும் என்பது அதனால்தான். அப்புறம், எப்போதாவது மயக்க மருந்து கொடுத்து அறுவை சிகிச்சை செய்வதாக இருந்தால், கண்புரைக்குப் போடுகிற சின்ன ஊசியைச் சொல்லவில்லை, முழு மயக்கத்தைச் சொல்கிறேன், சரவாங்கி இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். நாள்பட்ட நோயில் கழுத்தின் மேல் எலும்புகள் தளர்ந்திருக்கலாம்; தேவைப்பட்டால் கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு மயக்கம் கொடுப்பார்கள்.

மகளுக்கு வருமா என்றால், அம்மாவுக்கும் ஆயாவுக்கும் (அம்மாவைப் பெற்றவர்) இருந்தால் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடும். ஆனாலும் இப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு இது வருவதில்லை. நோவே இல்லாத 15 வயதுப் பெண்ணுக்கு ரத்தப் பரிசோதனை எடுத்துப் பயத்தை வாங்கி வைக்காதீர்கள். வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தால் அவள் இருக்கும் இடத்தில் வேண்டாம், அவளும் பிற்காலத்தில் அந்தப் பக்கம் போகக்கூடாது. இந்த நோயைத் தூண்டுவதில் புகைக்கு நிச்சயமான பங்கு உண்டு. எந்த வயதிலாவது அவள் கையோ பாதமோ வீங்கி, காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நின்று, கை குலுக்கும்போது விரல் முட்டிகளை அமுக்கினால் வலிக்கிறது என்றால், ஆறு வாரத்துக்கு மேல் காத்திருக்காமல் காட்டுங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஆத்தா இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், சர்க்கரை, அழுத்தம், நாட்டு மருந்து உட்பட, அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எட்டு மாதம் போட்ட ஊசிகளின் சீட்டு கிடைத்தால் அதுவும் வேண்டும், ஸ்டீராய்டு எவ்வளவு போயிருக்கிறது என்று அதில்தான் தெரியும். நிமோனியா தடுப்பூசி, ஃப்ளூ தடுப்பூசி இரண்டையும் மருந்து தொடங்குவதற்கு முன்பே போட்டுவிட முடியுமா என்று கேளுங்கள். மருந்து தொடங்கிய பிறகு காய்ச்சல், வாய்ப்புண், நிற்காத வயிற்றுப்போக்கு, மூச்சு வாங்கும் வறட்டு இருமல் இவற்றில் எது வந்தாலும் அந்த வார மெத்தோட்ரெக்சேட்டைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்துவிட்டு, அன்றைக்கே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.